மார்கழியில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,



2022 டிசம்பர் 23-ஆம் தேதி இரவு, சபரிமலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஆண்டிபட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்தது. ஐயப்ப பக்தர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 15 அதிகாலையில், பத்தனம்திட்டா மாவட்டம் கூடல் பக்கத்தில், விமான நிலையத்திலிருந்து வந்த புதுமணத் தம்பதியின் கார் தெலங்கானா ஐயப்ப பக்தர்களின் பேருந்தில் மோதியது. தம்பதியோடு இருவரின் தந்தையரும் பலியானார்கள். கார் ஓட்டியவர் கண் அயர்ந்திருக்கக்கூடும் என்று அப்போது சொல்லப்பட்டது.

இரண்டுமே வீடு திரும்பும் வழியில் நடந்தவை. அந்தத் திரும்பும் வழியைப் பற்றித்தான் இந்த மடல்.

கார்த்திகையில் மாலை போடுவதில் தொடங்கி, அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மகரஜோதி, பொங்கல் என்று இரண்டு மாதத்துக்கு வேன்களுக்கு ஓய்வே கிடையாது. சென்னையிலிருந்து பம்பைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். லீவு வீணாகக் கூடாது என்று இரவில் கிளம்புவார்கள். போகும்போது பழனி, வரும்போது குற்றாலம், திருச்செந்தூர் என்று வழியில் இருக்கும் கோயில்களும் சேர்ந்துகொள்ளும். நிலக்கல்லில் வண்டியை நிறுத்தியதும் ஓட்டுநர் படுத்துத் தூங்குவார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் பல வண்டிகளில் அவரும் மாலை போட்ட சாமி. மற்றவர்களோடு அவரும் இருமுடி சுமந்து மலை ஏறுகிறார், வரிசையில் மணிக்கணக்கில் நிற்கிறார், நெய்யபிஷேகம் முடித்து இறங்குகிறார். "விடியறதுக்குள்ள குற்றாலம் போயிடலாம் சாமி" என்று யாராவது சொன்னதும் அப்படியே சாவியைத் திருப்புகிறார். பின்னால் பதினைந்து பேரும் தூங்கிவிடுகிறார்கள். முன் கண்ணாடியின் குறுக்கே தொங்கும் சாமந்தி மாலைக்கும் திருநீற்றுப் பட்டைக்கும் இடையே தெரியும் சாலையை, இரண்டு இரவாகத் தூங்காத கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். நான்கு விநாடி கண் செருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டர், பிடிக்க ஆளில்லாமல் ஓடிவிடும். பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடல் தானாகவே தூக்கத்துக்கு ஏங்கும். மார்கழியில் மூடுபனி இறங்குவதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். சில இடங்களில் காவலர்கள் நள்ளிரவில் வண்டியை நிறுத்தி, முகம் கழுவத் தண்ணீரும் குடிக்கத் தேநீரும் தருகிறார்கள். நல்ல காரியம், அவர்களுக்கு நன்றி. ஆனால் தேநீர் தரும் தெம்பு கொஞ்ச நேரத்துக்குத்தான். இரண்டு இரவுத் தூக்கத்தை அது ஈடுகட்டாது.

ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வரையறுத்தது. நெடுந்தூரத்துக்கும் பண்டிகைக்கும் அனுமதி பெற்றாலும் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. ஒரு டிரிப்புக்கு மட்டும் அழைக்கப்படும் ஆக்டிங் டிரைவரிடம் இந்தக் கணக்கெல்லாம் போய்ச் சேருவதே இல்லை. டிரிப்பைச் சீக்கிரம் முடித்தால் அடுத்த டிரிப், அடுத்த பேட்டா. இதில் அவரைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் பொங்கல் செலவு காத்திருக்கிறது. சோதனைச்சாவடியில் பெர்மிட், இன்சூரன்ஸ், எப்.சி. எல்லாம் கேட்கிறார்கள். கடைசியாக எப்போது தூங்கினார் என்பதையும் அங்கேயே கேட்க வேண்டும்.

2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. விபத்துக்குப் பிந்தைய 48 மணி நேரத்தில் இவ்வளவு அக்கறை காட்டும் அரசால், முந்தைய 48 மணி நேரத்திலும் அதே அக்கறையைக் காட்ட முடியும்.

எங்கே தூங்கவைப்பது என்ற கேள்விக்கு மார்கழியே வழி சொல்கிறது. அந்த மாதத்தில் முகூர்த்தம் கிடையாது. தேனி, கம்பம், தென்காசி, செங்கோட்டை எங்கும் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஊருக்கு இரண்டு மண்டபத்தை மாவட்ட நிர்வாகம் வழியாக எடுத்து, பாய், போர்வை, கொசுவத்தி, கழிப்பறை, வண்டிக்குக் காவல் என்று ஏற்பாடு செய்தால் போதும். மலையிறங்கி வரும் ஓட்டுநர் நாலைந்து மணி நேரம் படுத்து எழுந்து போகட்டும். சாமிமார்களும் கூடவே ஓய்வெடுக்கலாம். நெரிசல் நாட்களில் கம்பம்மெட்டு வழியாகப் போய் குமுளி வழியாகத் திரும்பும் ஒருவழிப் பாதையைக் காவல்துறை நடைமுறைப்படுத்துவதுண்டு. திரும்பும் வண்டிகள் எல்லாம் ஒரே பாதையில் இறங்கும் அந்த நாட்களில், குமுளி அடிவாரத்தில் மண்டபத்துக்கு வழிகாட்டுவது இன்னும் சுலபம்.

கேரள மோட்டார் வாகனத் துறை 'சபரிமலை சேஃப் சோன்' என்ற பெயரில், இலவுங்கலில் கட்டுப்பாட்டு அறை வைத்து, தங்கள் பக்கத்துச் சாலைகளில் இரவு பகலாக ரோந்து வருகிறது. நம் பக்கத்து மலையடிவாரங்களிலும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவும் வேண்டும்.

குருசாமிகளையும் தாங்கள் அழைத்துப் பேசலாம். குழுவில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "மலை ஏறின சாமி அன்னிக்கு ராத்திரி வண்டி ஓட்டக் கூடாது, ஓட்டுறதுக்கு இன்னொரு ஆள் வேணும்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், அபராதச் சீட்டால் ஆகாததும் ஆகும். மார்கழி முதல் தேதிக்கு முன்பே மண்டபங்களின் பட்டியல் அவர்கள் கைக்கும் வேன் நிறுத்தங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்குக் கார்த்திகை தொடங்கும்போதே தங்கள் அலுவலகத்திலிருந்து மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் போக வேண்டும் என்பதுதான் வேண்டுகோள்.