கடதாசி காட்டும் வழி



பிள்ளைக்குச் சட்டை தைக்க முன்னர் கடதாசியில் அளவு வெட்டி, அதைத் துணியின் மேல் வைத்துக் கத்தரிக்கிறீர்கள். அங்கே கடதாசி உருவத்தை மட்டுமே தருகிறது. உருவத்தோடு, பொருளை உறைய வைக்கும் மருந்தையும் அந்தக் கடதாசியே சுமந்து வந்தால்? அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் போல் பிராக்கர், மலஞ்சா குப்தா, ஜோர்ஜ் வைட்சைட்ஸ் ஆகியோர் இதைச் செய்து, 2009, 2010 ஆம் ஆண்டுகளில் ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் அல்ஜினேற்று. கபில நிறக் கடற்சாதாளையிலிருந்து கிடைப்பது. அவ்வகைச் சாதாளை நமது யாழ்ப்பாணக் கரைகளிலும் உண்டு. நோன்பு திறக்க நீங்கள் காய்ச்சும் கடற்பாசி வேறு இனம். அது சூட்டில் கரைந்து, ஆறும்போது உறையும். அல்ஜினேற்றுக்கோ அடுப்பு வேண்டாம். பச்சைத் தண்ணீரில் பசைபோலக் கரைந்து நிற்கும். கல்சியம் பட்டால் பட்ட இடம் உறைந்துவிடும். கல்சியம் நமக்குப் புதியதல்ல. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பதால் கிணற்று நீரிலும் அது கலந்திருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள்.

இனிச் செய்முறையைக் கேளுங்கள். கடதாசியை வேண்டிய வடிவில் வெட்டிக் கல்சிய உப்பு நீரில் நனைத்து, அல்ஜினேற்றுக் கரைசலோடு சேர வைக்கிறார்கள். கடதாசியிலிருந்து கல்சியம் மெல்ல ஊறி வெளியேற, அதே வடிவில் பாலாடைபோல ஒரு மெல்லிய படலம் உறைகிறது. கடதாசி இல்லாத இடம் கரைசலாகவே இருக்கும். கடதாசியில் நீர் புகாத வரம்புகள் கட்டினால், வயலில் வரப்புக் கட்டியதுபோல ஓரிடத்தில் கல்சியம், பக்கத்தில் இரும்பு உப்பு என்று வெவ்வேறாக ஊற்றலாம். ஒரே படலத்தில் பல பகுதிகள் அமையும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நீர் கசியும் புண்களுக்கு வைத்தியசாலைகளில் இடும் ஒருவகைக் கட்டு அல்ஜினேற்றால் ஆனது. அத்தகைய மென்பொருட்களை விரும்பிய உருவில் ஆக்க இது ஓர் எளிய வழி. இதே ஆய்வுகூடம் 2007 இல், வரம்பு கட்டிய கடதாசித் துண்டில் சிறுநீரின் சர்க்கரையையும் புரதத்தையும் காட்டும் சோதனையையும் வெளியிட்டது. வசதி குறைந்த ஊர்களை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது.

தாய்மாரே, இதை எழுதக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டு, 2009 க்குப் பின் திரும்பி வந்த குடும்பங்களில், "விஞ்ஞானம் செலவு கூடியது, பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்ற பேச்சு எளிதில் எழும். ரியூஷனுக்கும் கருவிகளுக்கும் செலவு இருப்பது உண்மைதான். ஆனால் உலகப் புகழ்பெற்ற ஆய்வுகூடமே கையில் எடுத்தது ஒரு துண்டுக் கடதாசியும் கடற்சாதாளைப் பசையும்தான். அதைச் செய்தவர்களில் ஒருவர் பெண்.

உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்று மகள் கேட்கும் நாளில், செலவைக் கணக்குப் பார்க்க முன்னர் அவளுடைய ஆசையைக் கேளுங்கள்.