இளவேனிலும் துவிச்சக்கரவண்டியும்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை கழிந்து பாடசாலைகள் மீண்டும் தொடங்கும் நாள்களில் யாழ்ப்பாணத்து விடியற்காலைக்குத் தனியழகு உண்டு. பனியும் குளிரும் நீங்கிவிட்டன. முதுவேனிலின் அனல் இன்னும் முற்றவில்லை. வேம்பு பூச்சொரிகின்றது. கொன்றை பொன்னிறங் கொண்டு நிற்கின்றது. சித்திரை, வைகாசி ஆகிய இவ்விரு திங்களையும் நம் முன்னோர் இளவேனில் என வகுத்தனர். இப்பருவத்திலே துவிச்சக்கரவண்டியில் ஏறிக் கடமைக்குச் செல்லும் இன்பத்தைப் பற்றி இவ்வாரம் எழுத விழைகின்றேன். தலையங்கம் தீட்டுதற்கு இதுவும் ஒரு பொருளா என்று வாசகர் சிலர் நகைக்கலாம். பொருள் சிறிதுதான், ஆயினும் நமது இலக்கியக் கல்வியின் குறையொன்று அதனோடு பிணைந்து கிடக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பில் அகத்திணையின் முதற்பொருளைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பெரும்பொழுது ஆறினையும் மாணவர் பிழையின்றி ஒப்புவித்தனர். அப்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் ஊரில் இளவேனில் வந்துவிட்டது என்று எதைக்கொண்டு அறிவது?" என வினவினாள். திங்களின் பெயரைக் கூறினேன். அவள் கேட்டது அதுவன்று. பூவையும் காற்றையும் பறவையையும் கேட்டாள். அவ்வாண்டில் வேம்பு எப்போது பூத்தது என்பது எனக்கே தெரியாது. அக்காலத்தில் நான் மோட்டார் சைக்கிளில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். தலையைக் கவசத்தினுள் வைத்து, கண்ணை வீதியிலே பதித்து, கால் மணி நேரத்தில் வந்து சேர்பவனுக்கு வேம்பு பூத்தாலென்ன, பூவாதொழிந்தாலென்ன? நூலிற் கண்டதை நூலிற் கண்டவாறே கைமாற்றிக்கொண்டிருந்தேன் என்பது அன்று விளங்கிற்று. நாணினேன்.

கொட்டிலிலே துருவேறிக் கிடந்த பழைய றலி வண்டியை அந்த வாரமே சைக்கிள் கடைக்குக் கொண்டுசென்றேன். ரயரும் ரியூப்பும் மாற்றி, செயினுக்கு எண்ணெயிட்டு, பிரேக்கையும் சரிபார்த்துத் தந்தார் கடைக்காரர். அன்றுதொட்டு அதுவே என் ஊர்தி.

உரும்பிராயிலிருந்து நகருக்கு ஏறக்குறைய ஐந்து மைல். ஆறரை மணிக்குப் புறப்பட்டு, பலாலி வீதியின் நெரிசலை விடுத்து, உள்ளொழுங்கைகளாற் கோண்டாவிலைக் கடந்து திருநெல்வேலியை அடைவேன். செம்மண் தோட்டங்களிலே அந்நேரம் இறைப்பு நடக்கும். வாய்க்கால் நீர் பாத்தியிற் பாயும் குளிர்ச்சி ஒழுங்கை வரை வந்து காலிற் படும். முதல்நாள் ஒரு மழை பெய்திருந்தால் மண்ணின் மணம் கூடவே வரும். வேலியோரத்துப் பூவரசிலிருந்து குயில் கூவும். மரக்கறிச் சுமையைக் கரியரிற் கட்டிச் சந்தைக்கு விரையும் கமக்காரர், "என்ன வாத்தியார், பிந்திப்போச்சோ?" என்று கேட்டுக்கொண்டே என்னை முந்திச் செல்வார். வயலுக்குரிய மருதத்திற்கு வைகறையும் விடியலும் சிறுபொழுதாக ஏன் அமைந்தன என்பதற்கு இதனினும் நல்ல உரை வேறில்லை.

மீளும் வழி வேறு வகையினது. பாடசாலை விட்டுப் புறப்படும்போது நண்பகல் கடந்திருக்கும். தார் வீதி கொதிக்கும், நிழல் சுருங்கும், நா வறளும். வேனிலையும் நண்பகலையும் பாலைக்கு உரியனவாகத் தொல்காப்பியர் வைத்ததன் பொருத்தத்தை மிதிக்கும் கால் உணரும். வைகாசி பிற்பகுதியில் சோளகம் எழுந்துவிட்டாலோ, காலையில் எதிர்த்த காற்றே பிற்பகலில் முதுகைத் தள்ளி வீடு சேர்க்கும். ஒருநாட் பயணத்தில் இரண்டு திணை. இத்தகைய பயிற்சியை எந்த வகுப்பறை தரும்?

இவ்வண்டிக்கு நாம் பட்ட கடன் வேறும் உண்டு. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அருகிப்போனபோது, குடாநாட்டின் கல்வியைத் தாங்கியவை இவ்விரு சக்கரங்களே. ஆசிரியரும் மாணவரும் அதிலேதான் சென்றனர். நோயாளரும் அதிலேதான் சென்றனர். மின்சாரமில்லா இரவுகளில் அதன் டைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, அரிசிமூட்டையோடு புத்தகக் கட்டையும் என் வண்டியிலே தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தேன். 2022இல் எரிபொருள் இன்றி நாடே வரிசையில் நின்றபோதும் மூலையிற் கிடந்த வண்டிகளைத் தூசுதட்டி எடுத்தோம். பஞ்சம் நீங்கியதும் மீண்டும் மூலைக்கே அனுப்பினோம்.

அதுவே என் மனக்குறை. இடர்க்காலத்துத் துணையாகவன்றி இன்பத்துக்குரியதாக இவ்வண்டியை நாம் மதிக்கவில்லை. துவிச்சக்கரவண்டியில் வரும் ஆசிரியரை வசதியற்றவர் என்று எண்ணும் மனப்பான்மை வளர்ந்துள்ளது. பிள்ளைகளோ வீட்டு வாயிலில் வானில் ஏறிப் பாடசாலை வாயிலில் இறங்குகின்றனர். பின்னர் ரியூசனுக்கும் அவ்வாறே. பெற்றோரை முற்றாகக் குறைகூறவும் இயலாது. செப்பனிட்ட பெருவீதிகளிற் பேருந்தும் பாரவண்டியும் பறக்கும் வேகத்தைக் கண்டால் எவர்க்கும் அச்சமுண்டாகும்.

மறுவருட இளவேனிலில் என் வகுப்பு மாணவரிடம், வழியிற் கண்ட முதற்பூவையும் முதற்குயிலையும் குறித்துவருமாறு சொன்னேன். நடந்தும் சைக்கிளிலும் வந்தோர் ஏடுகள் நிரம்பின. வானில் வந்தோர் அவர்களைக் கேட்டு எழுதினர். அம்மாணவியின் வினாவுக்கு விடை அவ்வேடுகளில் இருந்தது.

வீதிகளை அமைப்போர் துவிச்சக்கரவண்டிக்கென ஓரத்தில் இடம் ஒதுக்குக. ஒழுங்கையோரத்து மரங்களைத் தறியாது விடுக. ஆசிரிய அன்பர்களிடம் நான் வேண்டுவது அதனினும் எளிது. வைகாசி முடியுமுன் ஒரு வாரமாயினும் வண்டியை எடுத்துக் காற்றடித்து ஏறிப் பாருங்கள். முதல் இருநாள் முழங்கால் நோகும். மூன்றாம் நாள் குயில் கேட்கும்.