செடியைக் கொன்றது தில்லிக் குளிர் இல்லீங்க, நாமதான்!

போன ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டு மாமி ஒரு செம்பருத்தித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். "இந்த ஊர்ல நம்மூர்ச் செடி எதுவும் வராதுப்பா. பத்து வருஷமா பார்த்துட்டேன்" என்றார்.

மயூர் விஹார் தமிழ்க் குடும்பங்களின் தேசிய கீதம் இது. எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தொட்டியை வாங்கி, தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். உள்ளே பச்சை! மண்ணோ வயல் சேறு மாதிரி இருந்தது.

"மாமி, இது சாகலை. முழுகிண்டிருக்கு."

மாமியைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நான் தில்லி வந்த முதல் வருஷம், அம்மா திருச்சி வீட்டுச் செம்பருத்தியில் குச்சி ஒடித்து, ஈரத்துணி சுற்றி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கொண்டுவந்து வைத்தாள். நன்றாகத்தான் வந்தது. ஜனவரியில் இலை மஞ்சளாகி உதிர்ந்ததும், பாவம், தாகம் போலிருக்கிறது என்று காலையும் மாலையும் ஊற்றினேன். போதாக்குறைக்கு யூரியா வேறு. பிப்ரவரியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகி நாறியது. அம்மாவிடம் போனில், "குளிர்ல போயிடுச்சும்மா" என்றேன். பச்சைப் பொய்.

குளிர் கொல்லவே கொல்லாது என்று நான் சொல்லவில்லை. 2006 ஜனவரி 8 அன்று தில்லியில் 0.2 டிகிரி. 2021 புத்தாண்டு அன்று காலை 1.1. குரோட்டன்ஸ் எல்லாம் பத்து டிகிரிக்குக் கீழே போனாலே இலையை உதிர்க்க ஆரம்பித்துவிடும். அதை டிசம்பரில் வெளியே வைத்தால் தப்பு நம்முடையது, உள்ளே எடுத்து வையுங்கள். ஆனால் செம்பருத்தி அப்படியில்லை. இலையை விட்டுக்கொடுத்துத் தண்டையும் வேரையும் காப்பாற்றிக்கொள்ளும். அது தூங்குகிறது. தூங்குகிறவன் வாயில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?

கணக்கைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் நடுப்பகலில் சூரியன் சென்னையில் சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். தில்லியில் 38 தான். பகலும் ஒரு மணி நேரம் குறைச்சல். பனிமூட்டம் வந்தால் நாள் கணக்கில் வெயிலே கிடையாது. தொட்டி எப்படிக் காயும்? ஈரத்தில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீர் எடுக்க முடியாததால் இலை வாடுகிறது. வாடுகிறதே என்று இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். கதை முடிந்தது.

நாம் மட்டும் ரஜாய்க்குள் சுருண்டுகொண்டு லீவு போடுவோம். செடி மட்டும் திருச்சியில் இருப்பதாக நினைத்துப் பூக்கணுமாம்!

செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் காலையில். பிப்ரவரி முடியும்வரை உரம், கத்தரி, தொட்டி மாற்றுவது எதுவும் வேண்டாம். தெற்குப் பார்த்த சுவரோரம் வையுங்கள். சூரியன் தாழ்ந்திருப்பதால் வெயில் பால்கனி உள்ளேயும் வரும். மேகமில்லாத ராத்திரிதான் ஆபத்து. திறந்த மொட்டைமாடியில் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் இலை மேல் படக்கூடாது.

இதைச் செய்யாமல் மார்ச்சில் நர்சரியில் வாங்கி ஜனவரியில் குப்பையில் போட்டுவிட்டு, 'இந்த ஊர் சரியில்லை' என்று பிள்ளைகள் காதுபடச் சொல்கிறோமே, அதுதான் எனக்கு ஆத்திரம். அவர்கள் பிறந்த ஊர் சார் இது. நம் கைத்தப்புக்கு அவர்கள் ஊரைத் திட்டலாமா?

மாமியின் தொட்டி இப்போது என் பால்கனியில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றாமல் சும்மா இருப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

பி.கு: நேற்று அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்டா. நீ இங்கேயே அப்படித்தான் ஊத்துவே" என்றாள். அடுத்த குச்சி மார்ச்சில் வருகிறது.