பிட்டும் தேங்காய்ப்பூவும்

ரொறன்ரோவில் இருக்கிற நாங்கள் கணக்கில் கெட்டிக்காரர். மகளின் அரங்கேற்றத்துக்குச் சென்னையிலிருந்து எத்தனை பக்கவாத்தியக்காரரைக் கூப்பிட்டோம், மண்டபத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று இன்றைக்கும் சொல்வோம். ஒரு கணக்கை மட்டும் நாங்கள் திறந்து பார்த்ததில்லை.

1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. அதை உருவாக்கிய ஓவியர் போல் ஹோகன் எங்கள் ஊர்க்காரர், ரொறன்ரோ. இங்கே ஒரு மறுவாழ்வு மருத்துவமனை வளவில், உடல் இயலாத பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தி, மண்ணும் நிறமும் கதையுமாக விளையாடவிட்ட ‘ஸ்பைரல் கார்டன்’ அவருடைய கைவேலை. போருக்குள் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஹமில்டன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வின் தொடர்ச்சியாக அந்தக் கைவேலை மட்டக்களப்புக்குப் போனது. அங்கே யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளார் தோள் கொடுத்தார்.

அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், நிறம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், பாடினார்கள், நாடகம் போட்டார்கள். சொன்னால் சின்ன விஷயம். ஆனால் அங்கேதான் 1990 ஆவணியில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள், அடுத்த கிழமையே ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். புரட்டாதியில் சத்துருக்கொண்டானில் தமிழர் குழந்தைகளோடு வெட்டப்பட்டார்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல இருந்தோம் என்று பெரியவர்கள் சொன்ன மண்ணில், ஆறு வருசத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வாளியில் களிமண் எடுத்தார்கள்.

நாங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? காசு கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். வாசலுக்கு வந்து கேட்டவர்களுக்குக் கொடுத்தோம், சிலர் விரும்பி, சிலர் பயந்து. கோயில் கட்டக் கொடுத்தோம். சுனாமி வந்தபோது அள்ளிக் கொடுத்தோம், அதை மறைக்கவேண்டியதில்லை. வள்ளம் வாங்கலாம், வீடு கட்டலாம், எண்ணலாம், பெயர்ப்பலகை மாட்டிப் படம் எடுக்கலாம். இரவில் அலறி எழும்புகிற பிள்ளை ஒரு நாள் எழும்பாமல் தூங்கினால் அதில் பலகையை எங்கே மாட்டுவது?

பூங்காவைப் பற்றித் தெரியாது என்று சொல்லித் தப்பலாம். பலருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்த எங்களில் சிலர் கேட்ட கேள்விதான் கூச்சமானது: “முஸ்லிம் பிள்ளைகளுக்கும் எங்கட காசா?” அதைக் கேட்டவரை யாரும் மறிக்கவில்லை. இன்னொருவர், “சண்டை முடியட்டும், பிறகு பாட்டுக்கூத்தைப் பார்ப்பம்” என்றார். 2009இல் சண்டை முடிந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் பார்க்கவில்லை. முள்ளிவாய்க்காலின் துக்கம் பெரிது, அதில் பொய்யில்லை. ஆனால் அதைச் சாட்டாக வைத்துத்தான் கிழக்கின் பிள்ளைகளை மறந்தோம் என்றால் அது முழுக் கதை ஆகாது. மட்டக்களப்பை நாங்கள் அதற்கு முன்பும் அதிகம் நினைத்ததில்லை. எங்களுக்கு ஊர் என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணம்.

கலைக்குக் கொடுக்காதவர்கள் என்று எங்களை யாரும் சொல்ல முடியாது. வருகிற சனிக்கிழமை ஸ்காபரோவில் இன்னொரு அரங்கேற்றம். மிருதங்கக்காரர் வெள்ளியே சென்னையிலிருந்து வந்துவிடுவார். அன்பளிப்பு உறை மேசையில் இருக்கிறது, எவ்வளவு வைப்பது என்று வீட்டில் கதை நடக்கிறது.