நீராவிக்கும் இடம் வேண்டும்

குளிர்நாட்டு மருத்துவமனைகளில் பனிக்காலத்தில் காற்று வறண்டுவிடும். அதனால் காற்றுக்குழாய்க்குள் நீராவியைச் செலுத்தி ஈரம் ஏற்றுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வரைபடத்தில் விசிறிக்கும் வடிகட்டிக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, ஆவி காற்றில் கரையும் தூரத்தை மட்டும் மறப்பது எந்த ஊர் நியாயம்?

உள்ளே வரும் ஆவி முதலில் வெண்புகையாகத்தான் இருக்கும். அது மறையும் முன் வளைவோ வடிகட்டியோ குறுக்கிட்டால் தண்ணீராகப் படியும். பிறகு பூஞ்சை. அந்தக் காற்றைத்தான் நோயாளி சுவாசிக்க வேண்டும்.

'எப்போதும் இத்தனை அடி' என்ற கணக்கு இங்கே செல்லாது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் ஆவியைத் தாங்கும். 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான். காற்று குளிரக் குளிர, ஏற்றும் ஈரம் கூடக் கூட, தூரமும் நீளும்.

இடமில்லையா? ஒரே குழலுக்குப் பதில் பல குழல்களில் ஆவியைத் தூவினால் தூரம் குறையும். செலவு கூடத்தான் செய்யும். பூஞ்சை பிடித்த குழாயைப் பிரித்துக் கழுவுவதற்கு அது எவ்வளவோ மேல்!