போர்ச்சில் நனையும் காவலாளி

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்றால் நம் வீடுகளில் ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். சுடச்சுட மைலோ, இஞ்சி டீ, கனமான போர்வை என்று வீட்டில் எல்லாருக்கும் ஓர் ஏற்பாடு இருக்கும். வெளியே கார் போர்ச்சில் கட்டிப் போட்டிருக்கும் நாய்க்கு மட்டும்தான் ஒன்றும் இருக்காது.

"நாய்தானே, மழை அதுக்குப் பழக்கம்தான்" என்போம். பனியே விழாத நாட்டில் நாய்க்குக் குளிருமா என்றும் கேட்போம். குளிரும். நாயின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டைக் காப்பது ரோமத்துக்கு இடையில் தங்கும் காற்று. ரோமம் நனைந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். ஈரமான சிமெண்ட் தரையும் தன் பங்குக்குச் சூட்டை இழுக்கும். விடிய விடிய அப்படியே கிடந்தால், கோலாலம்பூர் மழையிலும் நாய் நடுங்கும். குட்டிகளும் வயதான நாய்களும்தான் முதலில் அவதிப்படும். கேமரன் மலைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அதனால் நாய்க்கு முதலில் தேவை போர்வை இல்லை, உலர்ந்த தரை. பழைய துண்டையோ கோணிச் சாக்கையோ போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். சாரல் பட்டால் அவை தண்ணீரைக் குடித்துக்கொண்டு, வெறும் தரையைவிட மோசமாகிவிடும்.

கூண்டு செய்வது பெரிய வேலை இல்லை. சரக்கு அடுக்கும் மரப் பேலட் ஒன்றை அடியில் போட்டுத் தரையிலிருந்து நாலைந்து அங்குலம் உயர்த்துங்கள். நாய் எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். பெரிய மாளிகையாகக் கட்டினால் உள்ளே சூடு தங்காது. சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று ஒரு மழையில் கவனித்து, கூண்டின் வாசலை மறுபக்கம் திருப்பி வையுங்கள். கூரை சரிவாக, முன்பக்கம் நீண்டிருக்கட்டும். மழை விட்டதும் வெயில் கொளுத்தும் ஊர் இது. மேலே காற்றுப் போக இரண்டு துளைகள் வேண்டும். விரிப்பைத் தினமும் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மாற்றுங்கள்.

நனைந்துவிட்ட நாயை உலர்ந்த துண்டால் துவட்டுங்கள். காதையும் கால் விரல் இடுக்கையும் விடாதீர்கள். ஈரம் அங்கே தங்கினால் புண்ணும் நாற்றமும் வரும். நடுக்கம் நிற்கவில்லை, எழ மறுக்கிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த மழைத் தண்ணீரில் அந்தக் கிருமி இருக்கும். நாய்க்கு வந்தால் வீட்டில் நமக்கும் தொற்றலாம். தடுப்பூசி இருக்கிறது, ஆண்டுதோறும் போட வேண்டும். தேங்கிய தண்ணீரை நாய் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையும் இந்த மழையில்தான் வருகிறது. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "சோறு மட்டும் வச்சிடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறியபோது, மனிதர்களே வீட்டு மாடியிலும் கூரையிலும் காத்திருந்தார்கள். சங்கிலியில் கட்டிய நாய் எங்கே ஏறும்? ஊருக்குப் போகும்போது நாயைக் கட்டிவிட்டுப் போகாதீர்கள். நாய் விடுதியிலோ, நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ விடுங்கள். இரண்டும் முடியாதென்றால், தண்ணீர் ஏறினால் அவிழ்த்து மேலே கொண்டுபோக ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

நாய்க்குத் தகுந்த இருப்பிடம் தருவது நம் நாட்டில் வெறும் இரக்கம் சார்ந்த விஷயம் இல்லை. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி அது வளர்ப்பவரின் கடமை.

இன்றிரவு மழை பெய்தால், கதவைப் பூட்டும் முன் வெளியே போய் நாய் படுக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால், கூண்டு தயாராகும் வரை அதை உள்ளே விடுங்கள். சமையலறை ஓரத்தில் ஒரு மூலை கொடுத்தாலே போதும், அது நிம்மதியாகத் தூங்கும்.