பழசை அழிச்சாத்தான் துப்புரவு முடியும்

போன மாசம் அம்மா போனில் கேட்டா, "வேலையில இப்ப என்ன செய்யிறாய்?"

"பழைய கோடைத் துப்புரவாக்கிறன்" எண்டன்.

"அப்ப புதுசா ஒண்டும் செய்யேல்லையோ?"

அம்மா மட்டுமில்லை, எனக்கு வாய்த்த மனேஜர்மாரில் பாதிப் பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இந்த வார எபிசோடில் லினக்ஸ் கெர்னலைப் பற்றிக் கதைத்தபோது நேரம் போதாமல் விட்ட ஒரு கதை இதற்கு நல்ல பதில்.

கெர்னலுக்குள் எங்கு பார்த்தாலும் டைமர்கள்தான். "இவ்வளவு நேரம் கழித்து இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு" என்று சொல்லி வைப்பதுதான் டைமர். நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட்டை அனுப்பி, பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புவதும் அப்படித்தான் நடக்கிறது. பழைய முறையில் ஒவ்வொரு டைமரிலும் மூன்று முக்கியமான விஷயங்கள் இருந்தன: எப்போது, எந்த ஃபங்ஷன், அந்த ஃபங்ஷனுக்குக் கொடுக்க 'டேட்டா' என்று ஒரு வெறும் எண். பெரும்பாலானவர்கள் ஒரு ஸ்ட்ரக்ட்டின் முகவரியை எண்ணாக மாற்றி அதற்குள் வைத்தார்கள். ஃபங்ஷன் அதைத் திரும்ப முகவரியாக மாற்றிக்கொள்ளும். பிழையான முகவரியை வைத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல், ஃபங்ஷனும் டேட்டாவும் மெமரியில் ஒரே இடத்தில் இருந்தது. வேறொரு பிழையால் அந்த இடத்தில் எழுத முடிந்தவருக்கு, எந்த ஃபங்ஷனை எந்த மதிப்போடு கூப்பிடலாம் என்ற இரண்டு தெரிவும் கையில் கிடைத்துவிடும். இது வெறும் பயமில்லை. சிவிஇ-2017-7308 என்ற பாக்கெட் சாக்கெட் ஓட்டைக்கு எழுதப்பட்ட எக்ஸ்ப்ளாய்ட் இதைத்தான் செய்தது. சாக்கெட்டின் டைமரை மாற்றி எழுதி, ப்ராசஸரில் உள்ள ஸ்மெப், ஸ்மாப் என்ற பாதுகாப்புகளைக் கெர்னலின் கையாலேயே நிறுத்த வைத்தது.

கீஸ் குக் முன்நின்று செய்த திருத்தம் எளிமையானது. 'டேட்டா'வே வேண்டாம். ஃபங்ஷனுக்கு டைமரின் முகவரியே போகும். அந்த டைமர் எந்த ஸ்ட்ரக்ட்டுக்குள் இருக்கிறது என்று அதிலிருந்தே கணக்குப் போடலாம். ஃபங்ஷன் முகவரியை மாற்றும் ஆபத்து இதனால் முழுசாகப் போய்விடாது. ஆனால் விரும்பிய மதிப்பைச் சுலபமாகக் கொடுக்கும் வழி போய்விடும், கம்பைலராலும் டைப்பைச் சரிபார்க்க முடியும்.

யோசனை சின்னது, வேலைதான் பெரிது. கெர்னல் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்கள். சுலபமானவற்றை கொக்சினெல் என்ற கருவி மாற்றியது, மற்றவற்றை ஆட்கள் கையால் மாற்றினார்கள். 2018 ஜனவரியில் லினக்ஸ் 4.15 வந்தபோது பழைய 'இனிட்_டைமர்', 'செட்டப்_டைமர்' இரண்டும் இல்லை. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதிதான். புது வழியைத் திறந்ததோடு நிற்காமல் பழைய வழியைப் பூட்டினார்கள்.

நான் பூட்டாமல் வந்தவன். மூன்று வருசத்துக்கு முன், லண்டனில் பணப் பரிமாற்றம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கான்ட்ராக்ட். அங்கே டைம்அவுட் ஃபங்ஷனுக்கும் வெறும் எண்தான் கொடுக்க வேண்டும். அது எதிர்பார்த்தது மில்லிசெகண்ட், பலர் செகண்ட் என்று நினைத்தார்கள். அலகைச் சொன்னால்தான் வேலை செய்யும் ஒரு புது ஃபங்ஷன் எழுதி, முக்கால்வாசி இடங்களை மாற்றினேன். கான்ட்ராக்ட் முடிந்தது. "மிச்சம் சுலபம்" என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

எட்டு மாதம் கழித்து அங்கே இருந்த நண்பரிடமிருந்து மெசேஜ். புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, மிச்சமிருந்த பழைய கோடைப் பார்த்து அதே மாதிரி எழுதியிருக்கிறது. 30 செகண்ட் என்று நினைத்துக் கொடுத்தது 30 மில்லிசெகண்ட். இரவு முழுக்க மறுமுனை சர்வருக்குக் கோரிக்கை மழை. அந்தப் பிள்ளைக்கு அது முதல் வேலை. மறுநாள் கூட்டத்தில் பதில் சொல்ல எழும்பி நின்றதும் அந்தப் பிள்ளைதான். நான் அங்கே இல்லை.

"ஓடுற கோடில கை வைக்காதே" என்பதிலும் நியாயம் இருக்கு. கெர்னலுக்கு வெளியே டிரைவர் வைத்திருந்தவர்களுக்கு 4.15 வேலை வைத்தது உண்மை. ஆனால் லினக்ஸின் கொள்கை தெளிவு: வெளியே ஓடும் ப்ரோக்ராம்களை உடைக்கக்கூடாது, உள்ளே இருப்பதை மாற்றலாம். உங்கள் வேலையிடத்திலும் இந்தக் கோட்டைப் போடலாம். வாடிக்கையாளர் நம்பியிருப்பதைத் தொடாதேங்கோ. நாங்கள் மட்டும் பார்க்கும் பழசைப் பாதுகாக்க ஒரு காரணமும் இல்லை.

அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை டிக்கெட் எழுதும்போது 'பழைய ஃபங்ஷனை அழித்தல்' என்பதைக் கடைசி வரியாகச் சேருங்கோ, அதுக்கும் சேர்த்து நாள் கேளுங்கோ. பழசு இருக்கும்வரை, புதிதாக வருபவர் அதைத்தான் பார்த்து எழுதுவார்.

போன வெள்ளிக்கிழமை, இப்போதைய வேலையில் கடைசிப் பழைய ஃபங்ஷனையும் அழித்தேன். அம்மாவுக்குப் போன் எடுத்து "முடிஞ்சுது" எண்டன். "சரி, சாப்பிட்டியோ?" எண்டா.